சின்ன வயதுப் பேய்க்கதைகளைச் சேர்த்து வைப்பது எப்படி

“பேய்க்கதை ஏதாவது தெரியுமா?” என்று மட்டும் யாரிடமும் கேட்காதீர்கள். கேட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். “அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா” என்று சிரித்து மழுப்புவார்கள். இல்லையென்றால், எப்போதோ பார்த்த சினிமாவின் கதையை ஆரம்பித்துவிடுவார்கள். இரண்டிலும் நமக்கு எழுதிக்கொள்ள எதுவும் கிடைக்காது.

சில வருடங்களாக அத்தை, பெரியப்பா, நண்பர்கள், கூட வேலை பார்ப்பவர்கள் என்று அகப்பட்ட எல்லோரிடமும், சின்ன வயதில் அவர்களைப் பயமுறுத்திய கதைகளைக் கேட்டு எழுதி வைக்கிறேன். ஆராய்ச்சி எல்லாம் இல்லை. ஒரு தடித்த நோட்டு, ஒரு போன், நிறையப் பொறுமை, அவ்வளவுதான். நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: “சின்ன வயசுல எந்த இடத்தைத் தாண்டும்போது ஓடுவீங்க?”

இதற்குப் பதில் இல்லாத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. மாடிப்படிக்குக் கீழே இருக்கிற இருட்டு, பூட்டியே கிடக்கும் வீடு, பாழுங்கிணறு, பள்ளிக்கூடக் கழிப்பறை. பெரியவர்கள் பேய்க்கு உருவம் கொடுத்துச் சொல்வார்கள். குழந்தைகளுக்கு முதலில் வேண்டியது முகவரி. ஜப்பானில் பிள்ளைகள் சொல்லும் ஹனாகோ என்ற பள்ளிக்கூடப் பேயின் கதையில் அந்தப் பெண் யார், எப்படி இறந்தாள் என்பது ஆளுக்கு ஆள் மாறும். பெரும்பாலும் மாறாதது அவள் இருக்கும் இடம்தான்: மூன்றாவது மாடி, பெண்கள் கழிப்பறை, மூன்றாவது கதவு, அதில் மூன்று தடவை தட்ட வேண்டும். ஆகவே இடத்தில் ஆரம்பியுங்கள். எந்தப் பக்கத்துச் சுவர், எத்தனை படி, அங்கே விளக்கு இருந்ததா இல்லையா என்று கேட்கக் கேட்க, கதை தானாக வெளியே வரும். முடிந்தால் ஒரு தாளைக் கொடுத்து அந்த இடத்தை வரையச் சொல்லுங்கள். எங்கள் பெரியப்பா வாயைத் திறக்க மறுத்தவர், பேனாவைக் கையில் கொடுத்ததும் ஒரு மணி நேரம் பேசினார்.

இரண்டாவது கேள்விதான் என் கணக்கில் முக்கியமானது: “அது வந்தா, தப்பிக்க என்ன செய்யணும்?”

கதை எழுதுகிறவர்கள் பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். பேய் எப்படி இருக்கும், யாரைக் கொன்றது என்பதிலேயே நின்றுவிடுகிறார்கள். ஆனால் சின்னப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில் பாதிக்கு மேல் சட்டதிட்டங்கள்தான். பின்னால் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்று தடவை கூப்பிடும் வரை திரும்பக் கூடாது. ஒற்றைச் செருப்புக் கிடந்தால் தாண்டக் கூடாது. பேயின் கண்ணைப் பார்க்காமல் பாதத்தைப் பார்க்க வேண்டும். 1979-ல் ஜப்பான் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளை நடுங்க வைத்த வாய் கிழிந்த பெண்ணின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். முகமூடி போட்ட ஒரு பெண் தெருவில் நிறுத்தி, “நான் அழகா இருக்கேனா?” என்று கேட்பாள். ஆமாம் என்றால் முகமூடியைக் கழற்றி, காது வரை கிழிந்த வாயைக் காட்டி, “இப்பவும்?” என்பாள். இல்லை என்றாலும் ஆபத்து, ஆமாம் என்றாலும் ஆபத்து. அந்த வருடம் சில இடங்களில் பிள்ளைகளைக் கும்பலாகச் சேர்த்து வீட்டுக்கு அனுப்பினார்கள், போலீஸ் ரோந்து வந்தது. பிள்ளைகளோ தாங்களே வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். “சுமார்தான்” என்று சொன்னால் அவள் குழம்பிப் போவாள், அதற்குள் ஓடிவிடலாம். மிட்டாயை வீசினால் பொறுக்கக் குனிவாள். தலைக்குத் தடவும் பொமேட் வாசனை அவளுக்கு ஆகாது, அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னாலே போதும்.

“சுமார்தான்” என்ற பதிலை எந்தப் பெரியவரும் யோசித்திருக்க மாட்டார். 1990-களில் கர்நாடகத்தில் வீட்டுக் கதவுகளில் கன்னடத்தில் “நாளே பா”, அதாவது நாளைக்கு வா, என்று எழுதி வைத்தார்களே, அதுவும் இந்த வகைதான். இரவில் கதவைத் தட்டும் பேய் அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போகும், மறுநாள் வந்து மறுபடியும் படிக்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த, சொன்ன பேச்சைக் கேட்கிற பேய்! நோட்டில் இந்தத் தப்பிக்கும் வழிகளுக்கென்று தனியாக நாலு பக்கம் ஒதுக்கிவிடுங்கள். கதை மறந்து போனவர்களுக்குக் கூட இது ஞாபகம் இருக்கும்.

யாரிடம் கேட்பது? வீட்டிலேயே வயதானவரிடம்தான் போக வேண்டும் என்று ஒன்றும் இல்லை. அவர்களிடம் மோகினி, முனி, கொள்ளிவாய்ப் பிசாசு எல்லாம் நன்றாகவே கிடைக்கும், ஆனால் பல தடவை சொல்லிச் சொல்லி மெருகேறிய கதையாக இருக்கும். எனக்கு அதிகம் கிடைத்தது அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளிடம்தான். பயமுறுத்தியவரையும் பயந்தவரையும் தனித்தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். என் அத்தை மகள் இருவரில் பெரியவள், “சும்மா விளையாட்டுக்கு, குதிருக்குப் பின்னாடி கை மட்டும் இருக்குன்னு சொன்னேன்” என்றாள். சின்னவள் சொன்னதில் அந்தக் கைக்கு வளையல் இருந்தது, சத்தம் இருந்தது, வெள்ளிக்கிழமை மட்டும் வரும் என்ற விதியும் இருந்தது. கேட்டவள் மனதில்தான் கதை வளர்ந்திருக்கிறது. சேர்ந்து உட்கார வைத்திருந்தால் அக்கா சிரித்தே தங்கையின் வளையலைக் கழற்றியிருப்பாள்.

பத்து வயதுப் பிள்ளைகளையும் விட்டுவிடாதீர்கள். அவர்களுடைய கதைகள் இன்று போனில் வருகின்றன, ஆனால் விதிகள் அதே விதிகள்தான்.

ஒலிப்பதிவு செய்வதாக இருந்தால் முன்பே சொல்லி அனுமதி வாங்குங்கள். அப்புறம், “அவ்வளவுதான்” என்று அவர்கள் சொன்னதும் பதிவை நிறுத்திவிடாதீர்கள். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து, “ஆனா ஒண்ணு...” என்று ஆரம்பிப்பார்கள். அந்த “ஆனா ஒண்ணு”க்காகவே சில சமயம் நான் வெறுமனே உட்கார்ந்திருப்பேன். கதையோடு நாலு விவரம் கட்டாயம் எழுதுங்கள்: அப்போது என்ன வயது, யார் சொன்னது, எந்த இடத்தில் வைத்து, எந்த நேரத்தில்.

எழுதும்போது அவர்கள் சொன்ன மாதிரியே எழுதுங்கள். ஓட்டை இருந்தால் இருக்கட்டும். கிழவி ஏன் வந்தாள் என்று சொன்னவருக்குத் தெரியவில்லை என்றால், நீங்கள் காரணம் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டாம். ஜெர்மன் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களே இதற்கு உதாரணம். 1812-ல் வந்த முதல் தொகுப்பில், பிள்ளைகள் கசாப்புக் கடை விளையாட்டு விளையாடி ஒரு பிள்ளையை அறுத்துவிடும் கதை இருந்தது. 1819-ல் வந்த இரண்டாம் பதிப்பில் அதைக் காணோம். அதற்குப் பிறகும் 1857 வரை பதிப்புக்குப் பதிப்பு செதுக்கிக்கொண்டே போனார்கள். அவர்கள் வாங்குகிறவர்களையும் திட்டுகிறவர்களையும் பார்க்க வேண்டியிருந்தது. உங்கள் நோட்டுக்கு அந்தத் தொந்தரவு கிடையாது.

ஒரே கதை நாலு விதமாக வந்தால் நாலையும் வைத்துக்கொள்ளுங்கள். “எது ஒரிஜினல்?” என்று தேடினால் வீண் அலைச்சல். வண்டியில் லிஃப்ட் கேட்டு ஏறி, பாதி வழியில் மறைந்துபோகும் பெண்ணின் கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும், உங்கள் ஊருக்குப் பக்கத்துச் சாலையில் நடந்ததாகவே கேட்டிருப்பீர்கள். அமெரிக்காவில் பியர்ட்ஸ்லி, ஹாங்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1942-லேயே இதற்கு 79 வடிவங்களைத் திரட்டினார்கள். பெரும்பாலும் “என் நண்பனுடைய நண்பனுக்கு நடந்தது” ரகம். ஆகவே ஒவ்வொரு வடிவத்திலும் என்ன மாறுகிறது என்பதை மட்டும் குறித்தால் போதும்: வண்டி, உடை, கடைசியில் அவள் விட்டுப்போன பொருள்.

சில கதைகள் உடம்பிலிருந்து வருகின்றன, அவற்றுக்கு வேறு மாதிரி கேட்க வேண்டும். “நெஞ்சு மேல ஏறி உக்காந்துச்சு, கத்த முடியல” என்று யாராவது சொன்னால், மல்லாந்து படுத்திருந்தீர்களா, தூங்கப் போகும்போதா, விழிக்கும்போதா என்று விசாரியுங்கள். நம்மிடம் அமுக்குவான் என்பார்கள், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கிழவி வந்து உட்கார்ந்தாள் என்பார்கள். கனவு வரும் தூக்கத்தில் கை கால் அசையாதபடி உடம்பே தசைகளைத் தளர்த்தி வைத்திருக்கும். அந்த நிலை விலகுவதற்குள் விழிப்பு வந்துவிட்டால் நடப்பதுதான் அது. கண்ணாடி முன்னால் நின்று பேயைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் விளையாட்டும் அப்படித்தான். இத்தாலிய உளவியலாளர் ஜியோவன்னி கபூட்டோ, 50 பேரை மங்கலான வெளிச்சத்தில் 10 நிமிடம் கண்ணாடியைப் பார்க்க வைத்த பரிசோதனையை 2010-ல் வெளியிட்டார். அதில் மூன்றில் இரண்டு பங்குப் பேர், தங்கள் முகம் பயங்கரமாக உருமாறியதாகச் சொன்னார்கள். கண்ணாடிக்குள் எதையோ பார்த்ததாகச் சொல்லும் பிள்ளை பொய் சொல்லவில்லை. ஆனால் இந்த விளக்கத்தை எல்லாம் பேச்சுக்கு நடுவே எடுத்து விடாதீர்கள், ஆள் வாயை மூடிக்கொள்வார். நோட்டின் ஓரத்தில் எழுதுங்கள்.

இனி வதந்தி. இதில் மட்டும் நான் கறார். சாக்குமூட்டைக்காரன், பிள்ளை பிடிக்கிறவன், பாலம் கட்ட நரபலி என்ற கதைகளில் பேய் இல்லை, மனிதன் இருக்கிறான். 1954 செப்டம்பரில் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரின் கோர்பல்ஸ் பகுதியில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் கம்பும் கத்தியுமாக ஒரு கல்லறைத் தோட்டத்துக்குள் புகுந்தார்கள். இரும்புப் பல் கொண்ட, ஏழடி உயர ரத்தக்காட்டேரி இரண்டு பையன்களைத் தின்றுவிட்டதாம். காணாமல் போன பையன் யாரும் இல்லை. பெரியவர்கள் அமெரிக்கத் திகில் காமிக்ஸ்தான் காரணம் என்றார்கள், மறு வருடம் அதற்கு எதிராகச் சட்டமே வந்தது. இரும்புப் பல்லோ பைபிளிலும், பள்ளிப் பாடத்தில் இருந்த ஒரு ஸ்காட்டியப் பாட்டிலும் ஏற்கெனவே இருந்தது. அந்தப் பிள்ளைகள் தேடியது காட்டேரியை, அதனால் யாருக்கும் அடிபடவில்லை. 2018-ல் இந்தியாவில் பிள்ளை பிடிப்பவர் வதந்தி வாட்ஸ்அப்பில் பரவியபோது, வழிப்போக்கர்களையே பல இடங்களில் அடித்துக் கொன்றார்கள். அந்த ஜூலையில்தான் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவருவதாக வாட்ஸ்அப் அறிவித்தது. எனவே இந்த வகைக் கதையில், சொன்னவர் குறிப்பிட்ட இனம், தொழில், ஊர்க்காரர் என்று எதையும் வெளியே பகிராதீர்கள். உங்கள் நோட்டில் தேதியோடு இருக்கட்டும். இன்னும் யாரோ குடியிருக்கும் வீடு, நிஜமாகவே இறந்துபோன பெண்ணின் பெயர், இவற்றுக்கும் இதே விதி.

சேர்த்ததைத் திருப்பிச் சொல்ல ஆசை வந்தால், எல்லாவற்றையும் சொல்லாதீர்கள். தங்கக் கையைத் தேடி வரும் பிணத்தின் கதையை மேடையில் சொன்ன அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன், கடைசி வரிக்கு முன்னால் விடும் இடைவெளிதான் எல்லாம் என்று 1895-ல் எழுதினார். அது கொஞ்சம் நீண்டாலும் குறைந்தாலும் காரியம் கெட்டது. பயந்த முகம் ஒன்றை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, நிறுத்தி, அந்த ஆளைப் பார்த்து மட்டும் கத்துங்கள். டார்ச்சை முகவாய்க்குக் கீழே பிடிக்கும் வித்தை எல்லாம் தேவையே இல்லை.

கேட்பது சின்னப் பிள்ளை என்றால், அந்த நாலு பக்கத்திலிருந்து தப்பிக்கும் வழியையும் கட்டாயம் சேர்த்துச் சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் விளக்கை அணைத்தீர்களானால், அரை மணி நேரத்தில் தலையணையைத் தூக்கிக்கொண்டு உங்கள் பக்கத்தில்தான் வந்து படுக்கும்.