டர்பனில் பழைய எஸ்-கிளாஸ், செவன் சீரிஸ் வாங்குமுன் எங்கே தட்டிப் பார்ப்பது

மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ், பிஎம்டபிள்யூ செவன் சீரிஸ், ஆடி ஏ8, லெக்சஸ் எல்எஸ் நான்கும் முப்பது ஆண்டுக்கு மேலாக ஒன்றையொன்று முந்தப் பார்ப்பவை. புதிதாக எடுத்தவர் நான்கைந்து வருடத்தில் கைமாற்றிவிடுவார். அதன்பின் டர்பன் வட்டாரத்தில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கம் கல்யாணக் காராகவோ வீட்டு வண்டியாகவோ அவை வந்து சேரும். அப்போது வண்டியின் விலை புதுச் சின்னக் கார் அளவுக்கு இறங்கியிருக்கும்; உதிரிபாகத்தின் விலை இறங்கியிருக்காது.

அதனால் ஒரு விதியை மனதில் வைத்துக்கொண்டு பார்க்கப் போங்கள். அந்த மாடல் வந்த காலத்தில் எதைக் காட்டி எதிராளியை மட்டம் தட்டினார்களோ, அதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். அன்றைக்குப் பெருமை பேசிய பாகமே இன்றைக்குச் செலவு வைக்கிறது.

எந்த மாடலில் எது பெருமை

1987இல் பிஎம்டபிள்யூ 12 சிலிண்டர் 750i வண்டியை இறக்கியது. 1989இல் லெக்சஸ் எல்எஸ் 400 வந்து, சத்தமில்லாத ஓட்டத்தை ஜெர்மன்காரர்களைவிடக் குறைந்த விலைக்குக் கொடுத்தது. மெர்சிடிஸ் 1991இல் டபிள்யூ 140 (ஒவ்வொரு தலைமுறைக்கும் கம்பெனி வைக்கும் குறியீடு இது) எஸ்-கிளாஸ் மூலம் பதில் சொன்னது: இரட்டைக் கண்ணாடி, தானே இழுத்து மூடிக்கொள்ளும் கதவு, 12 சிலிண்டர். இன்று அந்தக் கண்ணாடியின் இரண்டு அடுக்குக்கும் நடுவே ஈரம் பூத்திருக்கிறதா, கதவை இழுக்கும் பம்ப் நிற்காமல் ஓடுகிறதா என்று பாருங்கள். 1990களின் முதல் பாதியில் செய்த வண்டிகளில் எஞ்சின் வயரின் மேலுறை சூட்டில் காய்ந்து பொடியாக உதிரும். வயர் கட்டை மாற்றிய பில் இல்லாவிட்டால், மாற்றவில்லை என்றே கணக்குப் போடுங்கள்.

டபிள்யூ 140 மிகப் பருமன் என்ற பேச்சு எழுந்தது. 1998இல் வந்த டபிள்யூ 220 இளைத்து, ஏர்மேட்டிக் காற்று சஸ்பென்ஷனோடு (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள் வண்டியைத் தாங்கும்) வந்தது. அதன் இரண்டு நோய்கள் காற்றுக் கசிவும் துருவும். கடற்காற்று அடிக்கும் டர்பனில் சக்கர வளைவின் விளிம்பு, கதவின் அடிப்பக்கம், ஜாக் வைக்கும் இடம் மூன்றையும் விரலால் தடவிப் பார்க்காமல் டபிள்யூ 220 வாங்காதீர்கள்.

2001இல் பிஎம்டபிள்யூவின் செவன் சீரிஸ் ஈ 65 (E65). கிறிஸ் பேங்கிள் வடிவமைப்புத் தலைவராக இருந்த காலம். பின்னால் பூட் மூடி தனியாகத் தூக்கி வைத்தது போல இருக்கிறது என்று உலகமே குறை சொன்னது. ஆனாலும் அதுவரை வந்த செவன் சீரிஸ்களில் அதிகம் விற்றது அதுதான். ஐடிரைவ் என்ற ஒற்றைக் குமிழ் முதலில் வந்ததும் அதில்தான். ஆகவே ஈ 65இல் திரையும் மின்னணுப் பெட்டிகளும் முதல் சோதனை. வி8 வண்டியானால், பத்து நிமிடம் சூடான எஞ்சினை ஐடிலில் விட்டுப் பிறகு ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதியுங்கள். நீலப் புகை வந்தால் வால்வு சீல் போயிற்று. எஞ்சினின் முன்பக்கச் சிறு துளையில் கூலன்ட் சொட்டினால் உள்ளே போகும் நீண்ட குழாயின் சீல் கெட்டிருக்கிறது. அந்தச் சீல் சில்லறைக் காசு. ஆனால் அதை எட்ட எஞ்சின் பாதியைப் பிரிக்க வேண்டும்.

2008இல் வந்த செவன் சீரிஸ் எஃப் 01இன் 750i வண்டியில் உள்ள என் 63 (N63) எஞ்சினில் டர்போ இரண்டும் சிலிண்டர் வரிசைகளின் நடுவே உட்கார்ந்திருக்கின்றன. இடம் மிச்சம், ஆனால் சூடு வெளியேற வழியில்லை. ரப்பரும் பிளாஸ்டிக்கும் சீக்கிரம் காயும், ஆயில் குடிக்கும். 10,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில் மாற்றிய பதிவு இல்லாத என் 63ஐ எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். அதே உடலில் 730டி டீசல் பன்மடங்கு நல்ல தேர்வு.

2013இன் டபிள்யூ 222 எஸ்-கிளாஸ் போட்டியை ஒரு பக்கமாகச் சாய்த்தது. 2014இல் உலகம் முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேல் எஸ்-கிளாஸ் விற்றது. கார்பன் இழை சேர்த்த ஜி 11 செவன் சீரிஸ் 2016இல் எட்டியது ஏறத்தாழ 60,000. 2019இல் பிஎம்டபிள்யூ முன்கிரில்லைச் சுமார் 40 சதவீதம் பெரிதாக்கியது. வாங்குபவருக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் நேரடியானது. டபிள்யூ 222 அதிகம் ஓடுவதால் பழைய பாகம் கிடைக்கும், தெரிந்த மெக்கானிக் கிடைப்பார், விலையும் தாங்கும். ஜி 11 அதே வருடத்துக்கு மலிவு. பெரிய கிரில் வந்தபின் 2015 முதல் 2018 வரையிலான ஜி 11 "பழைய முகம்" ஆகிவிட்டது. எங்கள் கண்ணுக்கு அந்தப் பழைய முகம்தான் அழகு, விலையிலும் அதுவே லாபம்.

ஆடி ஏ8 அலுமினிய உடலைப் பெருமையாகச் சொன்னது. துருப்பிடிக்காது, ஆனால் அடிபட்டால் எல்லா பேனல் பீட்டரும் (நசுங்கிய தகட்டை நிமிர்த்துபவர்) தொட முடியாது. லெக்சஸ் எல்எஸ் அதிகம் பெருமை பேசவில்லை, அதிகம் கெடுவதும் இல்லை. எல்எஸ் 430இல் டைமிங் பெல்ட் மாற்றிய பில், எல்எஸ் 460இல் முன் சஸ்பென்ஷன் கைகளின் புஷ் (ரப்பர் இணைப்பு) இரண்டையும் பார்த்தால் பெரும்பகுதி முடிந்தது.

இந்தப் போட்டியில் தென்னாப்பிரிக்காவுக்கும் பங்குண்டு. பிஎம்டபிள்யூவின் டர்போ 745i வலப்பக்க ஸ்டீயரிங்கோடு பொருந்தாததால், 1984இலிருந்து ரோஸ்லின் ஆலையில் எம்1 ஸ்போர்ட்ஸ் கார் வழிவந்த எஞ்சினை வைத்து இருநூறு சொச்சம் வண்டிகளைச் செய்தார்கள். 1990இல் ஈஸ்ட் லண்டன் மெர்சிடிஸ் தொழிலாளர்கள் நெல்சன் மண்டேலாவுக்காகவே சிவப்பு எஸ்-கிளாஸ் ஒன்றைக் கட்டிக் கொடுத்தார்கள். அந்தத் தலைமுறை டபிள்யூ 126 இன்றும் சேகரிப்போர் தேடும் வண்டி. நன்றாகப் பராமரித்த ஒன்று கிடைத்தால் மேலே சொன்ன எதையும்விடக் கவலை குறைவு.

காகிதம் முதலில்

ஆர்சி 1 பதிவுச் சான்றிதழில் வண்டியின் நிலைக் குறியீடு 2 என்று இருக்க வேண்டும். 3 என்றால் விபத்தில் சிதைந்து திரும்பக் கட்டிய வண்டி. காப்பீடும் மறுவிற்பனையும் இடிக்கும். வங்கிக் கடன் பாக்கி இருந்தால் தீர்வுக் கடிதம் வாங்கி, பணத்தை நேராக வங்கிக்கே கட்டுங்கள்.

டீலரிடம் வாங்கினால் 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஆறு மாதம் உங்கள் பக்கம் நிற்கும். தனியாளிடம் வாங்கினால் அது இல்லை. ஒப்பந்தத்தில் "ஃபூட்ஸ்டூட்ஸ்" என்று எழுதினால் இருந்தபடியே ஏற்கிறீர்கள் என்று பொருள். குறை தெரிந்தே மறைத்தவரை அந்தச் சொல் காப்பாற்றாது, ஆனால் மறைத்தார் என்று நிரூபிக்கும் வேலை உங்களுடையது.

காற்று சஸ்பென்ஷன்: அதிகம் ஏமாறும் இடம்

பார்க்கப் போவதற்கு முந்திய இரவே வண்டியைச் சமதரையில் நிறுத்தச் சொல்லுங்கள், காலையில் யாரும் எடுக்கக் கூடாது. போனதும் பானெட்டைத் தொடுங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள், இன்னொரு நாள் வாருங்கள். பிறகு டேப் எடுத்து நான்கு சக்கரத்திலும் நடுப்புள்ளியிலிருந்து மேல் வளைவின் விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். இடமும் வலமும் 10 மி.மீ.க்கு மேல் வேறுபட்டால் தாழ்ந்த பக்கம் கசிகிறது.

எஞ்சினை ஸ்டார்ட் செய்து, உயர்த்தும் பொத்தானை அழுத்துங்கள். ஒரு நிமிடத்துக்குள் ஏற வேண்டும். கம்ப்ரசர் முனகிக்கொண்டே இரண்டு மூன்று நிமிடம் ஓடினால் அதன் ஆயுள் முடிகிறது. கசியும் இடத்தைப் பாத்திரம் கழுவும் சோப்பு நீரால் பிடிக்கலாம்: காற்றுப் பையின் மடிப்பிலும் மேல் முனைக் குழாய் இணைப்பிலும் தெளித்தால் குமிழி வரும்.

இங்கே பலர் செய்யும் தவறு, கம்ப்ரசர் எரிந்தால் கம்ப்ரசரை மட்டும் மாற்றுவது. அது எரிந்ததே பை கசிந்து ஓயாமல் ஓடியதால்தான். பையை விட்டுவிட்டால் புதுசும் எரியும். பை, கம்ப்ரசர், அதன் ரிலே (மோட்டாருக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) மூன்றையும் ஒரே தடவையில் மாற்ற வேண்டும், பைகளை அச்சுக்கு ஜோடியாக. ரிலே ஒட்டிக்கொண்டால் சாவியை எடுத்த பிறகும் மோட்டார் ஓடி, பேட்டரியையும் தின்றுவிடும்.

பெயின்டும் தண்ணீரும்

பட்டி பூசிய இடத்தைக் காந்தம் வைத்துப் பார்க்கும் பழைய வித்தை இங்கே பலிக்காது. ஏ8இல் வெளித்தகடு முழுக்க, டபிள்யூ 222இல் வெளித்தகடு பெரும்பாலும், ஈ 65இல் பானெட், எல்லாம் அலுமினியம். நல்ல தகட்டிலும் காந்தம் விழும். அலுமினியத்தையும் அளக்கும் பெயின்ட் கேஜ் வாங்குங்கள். கம்பெனிப் பூச்சு 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். 200ஐத் தாண்டினால் மறுபூச்சு, 400ஐத் தாண்டினால் உள்ளே பட்டி. கல்யாணக் காரில் ரிப்பன் காந்தமும் இதே காரணத்தால் நிற்காது.

டர்பன் மழைக்கு சன்ரூஃப் வடிகால் அடைந்தால் தண்ணீர் கம்பளத்தின் அடியில் தேங்கி, அங்கே இருக்கும் மின்னணுப் பெட்டியை அரிக்கும். சன்ரூஃபைத் திறந்து முன் மூலைகளில் கால் லிட்டர் தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். அது முன்சக்கரப் பக்கம் கீழே ஒழுக வேண்டும். ஒழுகாவிட்டால் முன் கம்பளத்தை அமுக்கிப் பாருங்கள். பூட் கம்பளத்தையும் தூக்கி, பக்கக் குழிகளில் ஈரம், பச்சை பூத்த வயர் முனை இருக்கிறதா பாருங்கள்.

எஞ்சின், கியர், ஓட்டிப் பார்த்தல்

குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது முதல் இரண்டு மூன்று நொடி கடகடவென்று சங்கிலிச் சத்தம் கேட்டால் டைமிங் செயின் இறுக்கி தளர்ந்திருக்கிறது. 2006 வரையிலான டபிள்யூ 221 தலைமுறை எஸ் 500இல் டைமிங் பல்சக்கரமே தேயும், அது பெரிய வேலை. எஸ் 350 டீசலில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே ஆயில் ஒழுகினால் "பின் ஆயில் சீல்" என்று சொல்லிக் கியர்பாக்ஸை இறக்கச் சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் அது சிலிண்டர் வரிசைகளின் நடுவே, டர்போவுக்கு அடியில் இருக்கும் ஆயில் கூலரின் சீல். அங்கிருந்து பின்பக்கமாக வழிந்து வந்திருக்கும்.

பிறகு எம் 13இல் பைன்டவுனிலிருந்து ஃபீல்ட்ஸ் ஹில் ஏறி க்ளூஃப் வரை போய் வாருங்கள், ஏசி முழு வேகத்தில். ஏற்றத்தில் வெப்பமுள் நகரக் கூடாது, கியர் உதறாமல் மாற வேண்டும். இறக்கத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் நடுங்கக் கூடாது. திரும்பி வந்து ரோபோட்டில் (சிக்னலில்) நிற்கும்போது ஐடில் தடுமாறுகிறதா கவனியுங்கள். சாட்ஸ்வொர்த் உள்ளே வேகத்தடைகளைக் குறுக்காக, ஒரு சக்கரமாக ஏறினால் தேய்ந்த புஷ் டக்கென்று சொல்லும்.

"கியர்பாக்ஸ் ஆயில் ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்" என்பதை நம்பாதீர்கள். இசட்எஃப் நிறுவனத்தின் 8 கியர் பெட்டிக்கு, செய்த அந்த நிறுவனமே 80,000 முதல் 120,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது. ஃபில்டர் பிளாஸ்டிக் தட்டோடு சேர்ந்தே வரும். அளவு சரிபார்ப்பது ஆயில் 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போது, எஞ்சின் ஓட. மெர்சிடிஸின் 7 கியர் பெட்டியில் பழையதற்குச் சிவப்பு, புதியதற்கு நீல ஆயில். இரண்டையும் கலக்கக் கூடாது.

வண்டியின் கணினிகளில் பதிந்த பிழைகளை ஸ்கேன் செய்ய மலிவான ஓபிடி கருவி போதாது, அது எஞ்சினை மட்டும் படிக்கும். மெர்சிடிஸுக்கு ஜென்ட்ரி, பிஎம்டபிள்யூவுக்கு இஸ்டா என்ற கம்பெனி ஸ்கேன் மென்பொருள் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பில் எல்லாப் பெட்டிகளையும் படிக்கச் சொல்லி, அச்சிட்டு வாங்குங்கள். பிழைக் குறியீடு எதுவுமே இல்லாமல் துடைத்தாற்போல் இருந்தாலும் சந்தேகம்தான், காலையில் அழித்திருப்பார்கள். 50 கி.மீ. ஓட்டிவிட்டு மறுபடி படியுங்கள்.

வண்டி விலையில் கால் பங்கை முதல் வருடப் பழுதுக்கு ஒதுக்கி வையுங்கள். அது கையில் இல்லையென்றால் ஒரு படி சின்ன வண்டி பாருங்கள்.

கல்யாணத்துக்கு ஓட்டுவதானால்

நீண்ட வீல்பேஸ் உடலையே எடுங்கள். பட்டுப்புடவையும் மாலையுமாக மணப்பெண் இறங்க அந்தப் பின்கதவின் அகலம் வேண்டும். டீசல் வண்டி வீட்டுக்கும் கோயிலுக்கும் ஹாலுக்கும் சின்னச் சின்னதாக ஓடி, ஏசிக்காக நின்றபடியே உறுமினால் புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை நெடுஞ்சாலையில் 100 கி.மீ. வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டினால் அது தானே எரித்துக்கொள்ளும். டீசலும் கந்தகம் குறைந்த 50 பிபிஎம் அல்லது 10 பிபிஎம் மட்டும்.

புரட்டாசியில் கல்யாணம் இல்லை, வண்டி ஷெட்டில் நிற்கும். இந்த வண்டிகள் தூங்கும்போதும் கொஞ்சம் மின்சாரம் குடிப்பவை. பேட்டரி மெயின்டெய்னரை மாட்டி வையுங்கள், பத்து நாளுக்கு ஒருமுறை எஞ்சினை ஸ்டார்ட் செய்து சஸ்பென்ஷனைப் பழைய உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். அப்படியும் பேட்டரி போனால், பிஎம்டபிள்யூவில் புதியதை மாட்டியதோடு முடியாது. ஸ்கேன் கருவியில் பதிய வேண்டும். பதியாவிட்டால் பழைய பேட்டரி என்று நினைத்தே சார்ஜ் செய்து, புதியதையும் சீக்கிரம் கொன்றுவிடும்.