முதல் டம்ளரில் மட்டும் வந்த வாடை

கேன் தண்ணீர் டிஸ்பென்சரில் காலையில் பிடிக்கும் முதல் டம்ளர் தண்ணீரில் மட்டும் ஒரு பாசி வாடை. இரண்டாவது டம்ளரில் இல்லை. வாடைக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்ததில் சிறுநீர் கடும் மஞ்சளாகி, மதியமானால் தலைவலி.

முதலில் கேன் போடுபவரை மாற்றினேன். அதே வாடை. அப்புறம் தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் வாங்கினேன், 70 காட்டியது. இந்தியக் குடிநீர்த் தரநிலை ஏற்கும் அளவே லிட்டருக்கு 500 மில்லிகிராம், ஆக நல்ல தண்ணீர்தான் என்று நம்பி நான்கு நாள் போனது. அந்த மீட்டர் கரைந்த உப்பைத்தான் காட்டும், கிருமியை அல்ல. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை மறுபடி அதே டிஸ்பென்சரில் ஊற்றியது அடுத்த அசட்டுத்தனம்.

ஏன் முதல் டம்ளர் மட்டும் என்று யோசித்தபோதுதான் டிஸ்பென்சரின் குழாய் பிடிபட்டது. இரவு முழுக்கத் தண்ணீர் தேங்கி நிற்பது அதற்குள்தானே! கழற்றினால், வாஷருக்குப் பின்னால் கறுப்பாக வழவழவென்று ஒரு படலம். பழைய டூத்பிரஷால் தேய்த்து, ப்ளீச் கலந்த தண்ணீரில் ஊறவைத்து, நெடி போகும்வரை அலசினேன். வாஷரைப் புதிதாகப் போட்டேன். மறுநாள் முதல் டம்ளரில் வாடை இல்லை. இப்போது மாதம் ஒருமுறை குழாயைக் கழற்றிவிடுகிறேன்.