கடைசி நாட்களில் அன்பினால் நடக்கும் தவறுகள்: மலை ஊர்களில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு

ஊட்டி, கோத்தகிரி பக்கம் பனி இறங்கும் மாதங்களில், படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கும் வீட்டில் முதலில் ஜன்னலைச் சாத்துவார்கள். அடுத்து கரி அடுப்பைத் தூக்கி அறைக்குள் வைப்பார்கள். பெரியவருக்குக் குளிரக் கூடாது என்ற அக்கறைதான். ஆனால் மூடிய அறையில் எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. நோயாளியோடு சேர்த்து, பக்கத்தில் பாய் போட்டுப் படுத்திருக்கும் மகளையும் அது கொன்றுவிடும். புதிதாக வீட்டுப் பணிக்கு வரும் செவிலியர்களுக்கு ஒன்று: ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிமீட்டரால் இந்த வாயுவைப் பிரித்துப் பார்க்க முடியாது. 98 என்று காட்டும், ஆள் மயங்கிக்கொண்டிருப்பார். வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் வாந்தியும் வந்தால் எண்ணைப் பார்க்காதீர்கள். எல்லோரையும் உடனே வெளியே கொண்டுவந்துவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள். ஆக்ஸிஜன் ஓடும் அறையில் சாமி விளக்கு, ஊதுபத்தி உட்பட எந்த நெருப்பும் கூடாது.

குளிருக்குக் குல்லா, காலுறை, மெல்லிய போர்வை இரண்டு மூன்று போதும். கனமான கம்பளி மெலிந்த உடம்பை அழுத்தும். புரண்டு படுக்கவும் விடாது. சர்க்கரை நோயாலோ பக்கவாதத்தாலோ உணர்ச்சி குறைந்த காலில் வெந்நீர்ப் பை வைத்தால் தோல் வெந்துபோவதுகூடத் தெரியாது. தோல் வழியாக வலி மருந்தை இறக்கும் ஃபென்டனில் பட்டை ஒட்டியிருப்பவருக்கு அதன் மேல் சூடு பட்டால் இன்னும் ஆபத்து. சூட்டில் மருந்து வேகமாக உடம்பில் இறங்கி மூச்சையே அடக்கிவிடலாம்.

மூச்சுத் திணறும்போதும் இதே ஜன்னல்தான் பிரச்சினை. சளி பிடித்துவிடும் என்று பயந்து சாத்தியே வைப்பார்கள். உண்மையில் முகத்தில் படும் மெல்லிய காற்று, ஒரு சின்ன கை விசிறியின் காற்றாக இருந்தாலும், மூச்சுத் திணறல் உணர்வைக் குறைக்கும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே ஆரோக்கியமானவருக்கே ஆக்ஸிஜன் அளவு சமவெளியைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். காலமெல்லாம் விறகுப் புகையிலும் பீடியிலும் நுரையீரல் கெட்டுப்போனவருக்கு ஆக்சிமீட்டரில் 88 முதல் 92 வரைதான் பொதுவான இலக்கு. எண் ஏறட்டும் என்று ஆக்ஸிஜனைக் கூட்டிக்கொண்டே போனால் கரியமில வாயு தேங்கி மயக்கம் வரும்.

எல்லாவற்றையும்விடக் கொடுமையான தவறாக நான் நினைப்பது வலியைத் தாங்கவிடுவது. மார்ஃபின் என்றாலே கடைசி மருந்து, அதைக் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார் என்று பயப்படுகிறார்கள். குறைந்த அளவில் தொடங்கி, ஆளைப் பார்த்துப் பார்த்துக் கூட்டினால் அது உயிரைக் குறைப்பதில்லை. வலிக்காகச் சரியாகக் கொடுக்கும்போது போதைப் பழக்கமாக மாறுவதும் அபூர்வம். சாதாரண மார்ஃபின் மாத்திரை வேலை செய்வது சுமார் நான்கு மணி நேரம். ஆகவே வலி வந்தபின் கொடுப்பது என்ற வழக்கமே தப்பு. லண்டனில் 1967இல், கடைசிக் கால நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், செவிலியராகத் தொடங்கிப் பிறகு மருத்துவரானவர். கடிகாரத்தைப் பார்த்து மருந்து கொடுங்கள் என்று அன்றே வற்புறுத்தினார். முதல் சில நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், அப்புறம் அடங்கிவிடும். மலச்சிக்கல் மட்டும் அடங்காது. முதல் நாளிலிருந்தே அதற்கும் மருந்து வேண்டும். சிறுநீரகம் கெட்டவருக்கு மார்ஃபின் உடம்பில் தேங்கும். கைகால் வெட்டி வெட்டி இழுத்தாலோ, எழுப்ப முடியாமல் தூங்கினாலோ மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள்.

"வலி இருக்காம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போவதும் தப்பு. வாழ்நாள் முழுக்க மழையிலும் பனியிலும் தேயிலை பறித்த அம்மா, "பரவால்ல சிஸ்டர்" என்றுதான் சொல்வார். "நேத்து ராத்திரி தூங்கினீங்களா? எத்தனை தடவ முழிச்சீங்க?" என்று கேட்டால் உண்மை வரும். பேச முடியாதவர் என்றால், திருப்பிப் படுக்க வைக்கும்போது நெற்றி சுருங்குகிறதா, முனகுகிறாரா என்று பார்க்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்கள். எலும்பு துருத்திய இடம் சிவந்திருந்தால் எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள். உள்ளே இருக்கும் தசை இன்னும் கெடும்.

அடுத்தது சாப்பாடு. "சாப்பிடாததால்தான் இப்படி ஆகிறார்" என்று மகன்கள் கஞ்சியை ஊட்டிக்கொண்டே இருப்பார்கள், இல்லையென்றால் ட்ரிப் போடச் சொல்லிக் கெஞ்சுவார்கள். உடம்பு அடங்க ஆரம்பித்ததால்தான் பசி போயிருக்கிறது. அந்த நேரத்தில் ஏற்றும் திரவம் காலில் வீக்கமாகவும் நெஞ்சில் சளியாகவும் சேரலாம். அரை மயக்கத்தில் ஊட்டினால் மூச்சுக்குழலுக்குள் போகும். கடைசிப் பால் ஊற்றும் வழக்கத்தை யாரும் விட்டுவிட வேண்டாம். பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினால் போதும். பேரன் பேத்தி எல்லோரும் வரிசையாக வந்து செய்யலாம். தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்தால், மூச்சு அடைக்கிறது என்று பயந்து சளியை உறிஞ்சும் சக்‌ஷன் குழாயை ஆழமாக விடாதீர்கள். பக்கவாட்டில் படுக்க வைத்துத் தலையைச் சற்று உயர்த்தினால் பெரும்பாலும் குறையும். அவருக்குக் காது கேட்கிறது என்றே நினைத்துப் பேசுங்கள். சொத்துப் பேச்சு அந்த அறையில் வேண்டாம்.

"அவருகிட்ட நோயைச் சொல்லிடாதீங்க" என்று வாசலிலேயே நிறுத்தி வேண்டுபவர்கள் உண்டு. பெரும்பாலான நோயாளிகளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். "உங்களுக்கு என்ன தெரிஞ்சுக்கணும்னு தோணுது?" என்று கேட்பது செவிலியரின் கடமை. பொய் சொல்லக் கூடாது. கேட்காததைத் திணிக்கவும் கூடாது. சிகிச்சை எதுவரை வேண்டும் என்று அவர் தெளிவாக இருக்கும்போதே எழுதி வைக்கலாம். உச்ச நீதிமன்றம் 2018இல் இதை ஏற்றது. 2023இல் நடைமுறையும் எளிதானது: இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்று போதும்.

இந்தப் பேச்சு நடக்காத வீடுகளில்தான், நள்ளிரவில் வண்டி பிடித்து மேட்டுப்பாளையம் இறக்கத்தில் கோயம்புத்தூருக்கு ஓடுகிறார்கள். ஊட்டியிலிருந்து சுமார் 85 கிலோமீட்டர். வளைவுக்கு வளைவு உடம்பு குலுங்க, பாதி வழியிலேயே மூச்சு நின்றுவிடுகிறது. அதற்காக எல்லா அவசரத்தையும் வீட்டிலேயே வைத்துப் பார்க்கவும் கூடாது. புற்றுநோயாளிக்குத் திடீரென்று இரண்டு காலும் பலமிழந்து சிறுநீர் வராமல் போனால் தண்டுவடம் நசுங்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோனால்தான் கால்களைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு.

வலி நிவாரணச் சிகிச்சை (பாலியேட்டிவ் கேர்) புற்றுநோய்க்கு மட்டும், அதுவும் கடைசி வாரத்துக்கு மட்டும் என்று நினைப்பதும் தவறு. இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய், பக்கவாதம் எல்லாவற்றுக்கும் உண்டு. நோய் தெரிந்த நாளிலிருந்தே தொடங்கலாம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் செவிலியர் வீட்டுக்கே வருவார். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள். மழைக்காலத்தில் மண் சரிந்து ரோடு அடைபடும் ஊர்களில் இருப்பவர்கள், இரண்டு வார மாத்திரையையாவது முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கரண்ட் போனால், காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் நின்றுவிடும். அதற்கு மாற்றாக ஒரு சிலிண்டர் கையில் இருக்கட்டும். மார்ஃபினைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். மிஞ்சியதைத் தூக்கி எறியாமல், வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள்.