ஊதச் சொல்லி கேஸ் எழுதிவிட்டார்களா? கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னால் இதைப் படியுங்கள்

நான் வக்கீல் குமாஸ்தா. திங்கட்கிழமை காலையில் ஆபீஸ் கதவைத் திறக்கும்போதே வார இறுதியில் போலீஸின் குடிபோதைச் செக்கிங்கில் மாட்டிய யாராவது ஒருவர் வாசலில் நிற்பார். கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அண்ணே, எவ்வளவு ஆகும்?" நான் முதலில் கேட்பது, "கையில் என்ன பேப்பர் வைத்திருக்கிறீர்கள்?"

முதலில் எந்த வகைக் கேஸ் என்று பாருங்கள். ஹெல்மெட் போடவில்லை, சீட் பெல்ட் போடவில்லை என்றால் இ-சலான் வரும், அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்துக் கட்டிவிடலாம், வக்கீலே வேண்டாம். வாட்ஸ்அப்பில் 'சலான்' என்று வரும் ஏபிகே ஃபைலை (போனில் ஆப் ஏற்றுகிற ஃபைல்) மட்டும் தொடவே தொடாதீர்கள், அது பேங்க் பணத்தை உருவுகிற வேலை. சலான் தப்பு, அந்த நேரத்தில் வண்டி வீட்டில் நின்றது என்றால் பணம் கட்டாமல் முதலில் புகார் போடுங்கள். சலான் மெய்நிகர் நீதிமன்றத்துக்கு, அதாவது ஆன்லைன் கோர்ட்டுக்குப் போயிருந்தாலும் வழக்கை எதிர்க்கிறேன் என்று சொல்ல அங்கே வழி இருக்கிறது, அதன்பிறகு வழக்கமான கோர்ட்டில் விசாரணை நடக்கும்.

குடித்துவிட்டு ஓட்டிய கேஸ் இப்படி இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவு, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் தடவை 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் 2 வருடம் வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2019-ல் சட்டத்தைத் திருத்தி வைத்த தொகை இது. நடுரோட்டில் பணம் கொடுத்து முடிக்கிற விஷயம் இல்லை இது, யாராவது அப்படி முடித்துத் தருகிறேன் என்றால் நம்பாதீர்கள்.

போலீஸ் மூச்சுப் பரிசோதனை மெஷினில் ஊதச் சொன்னால் ஊதுங்கள். மறுத்தால் தப்பிக்கலாம் என்று நண்பர்கள் சொல்வது தப்பு, தகுந்த காரணம் இல்லாமல் மறுப்பதையே உங்களுக்கு எதிரான சங்கதியாக எடுத்துக்கொள்ளலாம் என்று 205-வது பிரிவு சொல்கிறது. ஊதுவதற்கு முன் புதுக் குழாய் போடச் சொல்லுங்கள், மெஷின் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்க்கக் கேளுங்கள், சண்டை போடாமல் கேளுங்கள். அளவு தப்பு என்று உறுதியாகத் தெரிந்தால் ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று அங்கேயே, அப்போதே சொல்லுங்கள், ஏனென்றால் மறுநாள் காலையில் சொல்வதற்கு அர்த்தமே இல்லை, ரத்தத்தில் ஒன்றும் மிச்சம் இருக்காது. கைது செய்தால் 2 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் பரிசோதனை நடந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும் என்று 202-வது பிரிவில் இருக்கிறது. அதனால் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: எப்போது நிறுத்தினார்கள், எப்போது ஊதினீர்கள், எப்போது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். வாசனை வந்தது, தள்ளாடினார் என்பது மட்டும் குடிபோதையை நிரூபிக்கப் போதாது, ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 1971-லேயே ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. டெஸ்ட் ரிப்போர்ட்டுக்கு இவ்வளவு முக்கியத்துவம் அதனால்தான்.

அப்புறம் அந்தச் சின்னச் சீட்டு. மெஷினிலிருந்து ஏடிஎம் ரசீது மாதிரி ஒரு தாள் வரும், தேதி, நேரம், அளவு எல்லாம் அதில்தான். குட்டியானை ஓட்டுகிற தம்பி ஒருவர் அதை மணிபர்சில் நாலாக மடித்து வைத்து ஐந்து மாதம் கழித்துக் கொண்டுவந்தார். பிரித்தால் எழுத்தெல்லாம் அழிந்து வெள்ளைத் தாள், மடிப்பு ஓரத்தில் '11' என்று மட்டும் மங்கலாகத் தெரிகிறது. குற்றப்பத்திரிகையில் போட்டிருந்த நேரத்துக்கு அவர் வேறு ஊரில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தாராம், அந்தச் சீட்டு மட்டும் படிக்கிற மாதிரி இருந்திருந்தால் முதல் வாய்தாவிலேயே பேசியிருக்கலாம். சீட்டு கைக்கு வந்த உடனே போனில் போட்டோ எடுங்கள், எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவையுங்கள்.

கோர்ட்டில் மாஜிஸ்திரேட் குற்றத்தைப் படித்துவிட்டு ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்பார். பலர் பயத்தில் தலையாட்டிவிடுகிறார்கள். ஒப்புக்கொண்டால் பெரும்பாலும் அன்றைக்கே அபராதத்தோடு முடிந்துவிடும், ஆனால் அது தண்டனை, அடுத்த தடவை இரண்டாவது குற்றமாகக் கணக்கு வரும். என் அபிப்பிராயத்தைக் கேட்டால், குடித்தது உண்மை, அளவும் நிறைய, பேப்பரும் ஒழுங்காக இருக்கிறது என்றால் ஒப்புக்கொண்டு கட்டிவிடுவதுதான் நல்லது, இருபதாயிரம் ஃபீஸ் கொடுத்து வருடக்கணக்கில் வாய்தாவுக்கு அலைவதில் பிரயோஜனம் இல்லை. குடிக்கவே இல்லை, அல்லது டெஸ்ட் சரியாக நடக்கவில்லை என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வக்கீல் வைக்க அவகாசம் கேளுங்கள், கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

யாருக்காவது அடிபட்டிருந்தால் மேலே சொன்னது மட்டும் போதாது. பாரதிய நியாய சன்ஹிதாவில் (பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த குற்றச் சட்டம்) தனி வழக்கு வரும், உயிர் போயிருந்தால் கவனக்குறைவுக்கே 5 வருடம் வரை சிறை, குடித்திருந்தால் அதைவிடப் பெரிய பிரிவும் போடலாம். ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுப்பதற்கு முன்பே கிரிமினல் வக்கீலைப் பாருங்கள்.

வக்கீல் ஃபீஸுக்கு வழியில்லையா? மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு, தாலுகா கோர்ட்டில் வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கிறது. பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, மற்றவர்களுக்கு வருமான வரம்பு. 15100-க்கு போன் செய்தும் கேட்கலாம். இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ என்று இருப்பார் என்ற நினைப்பை விடுங்கள், தினமும் அதே கோர்ட்டில் நிற்கிற அனுபவம் அவர்களுக்கு இருக்கிறது.

பணம் கொடுத்து வைப்பதானால் மொத்த ஃபீஸ் எவ்வளவு, வாய்தாவுக்குத் தனியா, யார் ஆஜராவார் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். வக்காலத்தில், அதாவது வக்கீல் உங்களுக்காக ஆஜராக நீங்கள் கொடுக்கும் பத்திரத்தில், கையெழுத்துப் போடுங்கள், வெற்றுத் தாளில் போடாதீர்கள். "உள்ளே சொல்லி முடிச்சுடறேன்" என்று காம்பவுண்டு சுவர் ஓரம் நின்று பேசுபவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

லைசென்ஸ் விஷயம் தனி. போலீஸ் வாங்கினால் ஒப்புகைச் சீட்டு கேளுங்கள். ஆர்.டி.ஓ.விடமிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தால் கட்டாயம் எழுத்தில் பதில் கொடுங்கள், வண்டிதான் பிழைப்பு என்றால் அதையும் எழுதுங்கள். பதில் கொடுக்காமல் விட்டால் ஒருதலையாக உத்தரவு வந்துவிடும். உத்தரவு எதிராக வந்தால் 30 நாளுக்குள் அப்பீல் போடலாம், அதற்கு உத்தரவு கைக்கு வந்த தேதி வேண்டும், கவரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.