கழுத்தால் வரும் தலைச்சுற்றல்: வீட்டில் செய்யும் மூன்று பயிற்சிகள்

கழுத்து வலியோடு சேர்ந்து வந்த தலைச்சுற்றலுக்காகப் பிசியோதெரபிஸ்ட் எனக்குக் கற்றுக்கொடுத்தவற்றில் மூன்று பயிற்சிகளை இங்கே எழுதுகிறேன். மண்டை ஓட்டுக்குச் சற்றுக் கீழே, பின்கழுத்தில் உள்ள சிறு தசைகளில், தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை மூளைக்குத் தெரிவிக்கும் உணர்விகள் மிக நெருக்கமாக அமைந்துள்ளன. அங்கே இறுக்கமோ காயமோ ஏற்பட்டால், அவை அனுப்பும் செய்தி கண்ணும் உட்காதும் அனுப்பும் செய்தியோடு பொருந்தாமல் போய், அறை சுழலாவிட்டாலும் கால் நிலைகொள்ளாத தள்ளாட்டம் உண்டாகிறது.

இதை உறுதிசெய்யத் தனிப் பரிசோதனை எதுவும் இல்லை. மற்ற காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கிய பிறகே மருத்துவர் இந்த முடிவுக்கு வருவார். எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிவது மட்டும் சான்றாகாது, ஏனெனில் தலைச்சுற்றலே இல்லாத நடுவயதினர் பலருக்கும் அது இருக்கிறது. படுக்கையில் புரளும்போது சில நொடிகள் எல்லாம் சுழன்று அடங்கினால் அது பெரும்பாலும் உட்காதுக் கோளாறு; அதற்குச் சிகிச்சை வேறு. பார்வை இரட்டிப்பது, பேச்சுக் குழறுவது, விழுங்க முடியாமை, முகம் மரத்துப்போவது, திடீரென்று கால் மடங்கி விழுவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சியை நினைக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

முதல் பயிற்சி மல்லாந்து படுத்துச் செய்வது. முழங்கால்களை மடக்கி, மடித்த துண்டைத் தலைக்கு அடியில் வைத்து, ‘ஆமாம்’ என்று தலையாட்டுவதுபோல் முகவாயை மிக மெதுவாகத் தொண்டைப் பக்கம் இறக்கி, 10 நொடி நிறுத்த வேண்டும்; இப்படி 10 முறை. பார்க்க எளிதாக இருந்தாலும் எனக்கு நெடுநாள் பிடிபடாமல் இருந்தது இதுதான். ஆழத்தில் உள்ள தசைகள் வேலை செய்ய வேண்டிய இடத்தில், காதுக்குப் பின்னாலிருந்து காறை எலும்பு வரை கயிறுபோல் ஓடும் மேல்தசை முந்திக்கொள்ளும். அதன் மேல் இரண்டு விரல்களை வைத்துக்கொள்ளுங்கள். விரலுக்கடியில் அது விறைத்தால் அசைவைப் பாதியாகக் குறையுங்கள். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, பற்களைச் சேர்க்காமல் வைத்தால் தாடை உதவிக்கு வராது. தலையின் பின்பகுதி துண்டில் சறுக்கலாம். துண்டை விட்டு எழும்பக் கூடாது. 10 நொடி நிறுத்த முடியாவிட்டால் 3 நொடியில் தொடங்குங்கள்.

இரண்டாவதற்கு ஒரு லேசர் விளக்கு வேண்டும். சொற்பொழிவுகளில் திரையைச் சுட்டப் பயன்படும் குறைந்த சக்தியுள்ள சிவப்பு விளக்கே போதும். சந்தையில் கிடைக்கும் வீரியமான பச்சை விளக்குகள் கண்ணைக் கெடுக்கும் என்பதால் வேண்டவே வேண்டாம், கண்ணாடி மாட்டிய சுவரும் வேண்டாம். விளக்கை நெற்றிப் பட்டையில் பொருத்தி, சுவரிலிருந்து 90 சென்டிமீட்டர் தள்ளி, முதுகு சாய்ந்து உட்காருங்கள். ஒளி விழும் இடத்தை மையமாக்கி 7 சென்டிமீட்டர் ஆரத்தில் வட்டம் வரையுங்கள். கண்ணை மூடித் தலையைத் திருப்பி மீண்டும் நடுவுக்குக் கொண்டுவரும்போது நேரும் விலகலில், 1991இல் பிரான்சின் மிஷேல் ரெவல் குழுவினர் கழுத்து வலி உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் பிரித்துக்காட்டுவதாகக் கண்ட 4.5 பாகை எல்லை, இந்தத் தொலைவில் ஏறக்குறைய இந்த வட்டம்தான். கண்ணை மூடி, தலையை வலப்பக்கம் வலிக்காத அளவுக்குத் திருப்பி, நடு என்று தோன்றும் இடத்துக்குத் திரும்பிய பின் கண்ணைத் திறந்து பாருங்கள். ஒளி வட்டத்துக்கு வெளியே இருந்தால், கண்ணைத் திறந்தபடியே மையத்துக்குக் கொண்டுவந்து, அந்த நிலையைக் கழுத்து உணர்ந்துகொள்ளும்வரை சற்று நிறுத்துங்கள். பிறகு இதேபோல் இடப்பக்கம், மேல், கீழ். தோள் கூடவே திரும்பாமல் பார்த்துக்கொள்வது முக்கியம்.

மூன்றாவது, நீட்டிய கையின் கட்டைவிரல் நகத்தில் பார்வையை நிறுத்தித் தலையை மட்டும் மெல்லத் திருப்புவது. நகம் மங்கினால் வேகம் அதிகம் என்று பொருள். லேசான கிறுகிறுப்பு வந்து சில நிமிடங்களில் அடங்கினால் தொடரலாம். அடங்காமல் நீடித்தால் அன்று நிறுத்திவிட்டு, மறுநாள் எண்ணிக்கையைக் குறையுங்கள். கழுத்துக் காலரை நாள் முழுவதும் அணிவதை நான் விரும்புவதில்லை, நாம் வேலை வாங்க முயலும் தசைகளையே அது சும்மா இருக்க வைக்கிறது.

பின்சேர்க்கை: கண்ணை மூடியதுமே தடுமாறுவதாகச் சில வாசகர்கள் எழுதியிருந்தார்கள். அவர்கள் கைப்பிடியுள்ள நாற்காலியில், வீட்டார் ஒருவர் அருகில் இருக்க, முதலில் கண்ணைத் திறந்தே ஒளியை வட்டத்தின் கோட்டின்மேல் நகர்த்திப் பழகலாம். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்து ஒரே கண்ணாடி அணிபவர்களுக்கு, மேலும் கீழுமாகத் தலையை அசைக்கும்போது கண்ணாடியாலேயே நகம் மங்கும். அவர்கள் கட்டைவிரலுக்குப் பதிலாகச் சுவரில் ஒரு பெரிய எழுத்தை ஒட்டி, தூரப்பார்வைக் கண்ணாடியுடன் செய்யலாம்.