பழைய வீட்டை விற்றுப் புது வீடு வாங்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

கடலூர் புதுப்பாளையத்தில் இருக்கும் வீட்டை விற்று, அந்தப் பணத்தில் செம்மண்டலம் பக்கம் கொஞ்சம் பெரிய வீடு. கேட்பதற்கு இரண்டே பத்திரம். ஆனால் உங்கள் வீட்டை வாங்குகிறவர் வங்கிக் கடனுக்குக் காத்திருப்பார், அல்லது ஊரில் இருக்கும் மனையை விற்றால்தான் அவரிடம் பணம் வரும். நீங்கள் வாங்கப்போகும் வீட்டுக்காரரோ உங்கள் பணத்தை நம்பி சென்னையில் மகன் வீட்டுக்கு அருகே ஃபிளாட் பேசி வைத்திருப்பார். நாலு குடும்பம் ஒரே பணத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஒருவருக்கு இரண்டு வாரம் தள்ளினால் எல்லோருக்கும் தள்ளும். விலையில் ஏமாறாமல் இருக்க எல்லோரும் பாடுபடுகிறார்கள், மாட்டிக்கொள்வது தேதியில்.

வாங்கும் அக்ரிமெண்டை முந்திப் போடுவது

வீடு பிடித்துவிட்டது, வேறு யாரும் தட்டிக்கொண்டு போய்விடக் கூடாது என்று 5 லட்சம் முன்பணம் கொடுத்து மூன்று மாதக் கெடு போட்டுவிடுகிறார்கள். அதன் பிறகுதான் தன் வீட்டுக்கு ஆள் தேடுவது. இரண்டாம் மாதம் ஆள் அமைகிறார். அவருடைய வங்கி வக்கீல் கருத்து வாங்கி, மதிப்பீட்டாளரை அனுப்பி, கடன் அனுமதி தர ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும். அவரும் மூன்று மாதம் கெடு கேட்பார். அதற்குள் உங்கள் கெடு முடிந்து, 'தவறினால் முன்பணம் திரும்ப வராது' என்ற வரி உயிர் பெற்றுவிடும்.

முதலில் விற்கும் அக்ரிமெண்ட். அது முடியாத பட்சத்தில் இரண்டையும் ஒரே வாரத்தில். விற்கும் கெடு ஜனவரி 31 என்றால் வாங்கும் கெடு மார்ச் 15க்கு முன்னால் வேண்டாம். வாங்கிய முன்பணத்துக்கு மேல் கொடுக்கவும் வேண்டாம். 'என் வீட்டை வாங்குகிறவருடைய கடன் தாமதமானால் கெடு 60 நாள் நீளும்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். விற்பவர் ஒப்புக்கொள்ளவில்லையா, முன்பணத்தைக் குறையுங்கள். கெடு மார்கழியில் முடிகிறதா என்றும் பாருங்கள். மார்கழியில் பத்திரம் வேண்டாம் என்று ஒரு தரப்பு சொன்னால் தைக்குப் போகும். தை முகூர்த்த நாளில் டோக்கன் கிடைப்பது தனிப்பாடு.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் வீடு, மனை விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். முத்திரைத்தாளில் எழுதி நாலு பேர் சாட்சி போட்டுப் பெட்டியில் வைத்துக்கொள்வது இன்னும் நடக்கிறது. அது வில்லங்கச் சான்றில், அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியலில், வராது. நடுவில் இன்னொருவர் பத்திரம் பதிந்துகொண்டால் உங்கள் கையில் வழக்குதான் மிஞ்சும்.

பதிவு செய்தால் அதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. பேரம் முறிந்த பிறகும் அந்த ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் நிற்கும். ரத்துப் பத்திரம் பதிந்தாலொழிய அடுத்து வருகிறவரின் வங்கி வக்கீல் நகர மாட்டார். முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனவர் பிறகு கையெழுத்துக்கு வருவாரா என்பது அவர் மனசு. ஆகவே முன்பணத்தைத் திருப்பிக் கொடுப்பது ரத்துப் பத்திரத்தில் அவர் கையெழுத்துப் போடும் அன்று, பத்திர ஆபீஸிலேயே.

85இல் 60 போனால் 25 அல்ல

பழைய வீடு 60 லட்சம், புது வீடு 85 லட்சம், ஆக 25 லட்சம் கடன் போதும் என்பது எல்லோர் வீட்டிலும் போடும் கணக்கு. பழைய வீட்டில் 14 லட்சம் கடன் பாக்கி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருப்பதால் வாங்குகிறவர் முழு 60 லட்சத்துக்கும் 1% வருமான வரியாக, 60,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டுதான் தருவார். தரகு 1% என்றால் இன்னொரு 60,000. கையில் நிற்பது 44.8 லட்சம். புது வீட்டுக்கு 85 லட்சத்தோடு முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, சேர்த்து 7.65 லட்சம். அங்கே தரகு 85,000. மொத்தம் 93.5 லட்சம். குறைவது 48.7 லட்சம். 25 அல்ல, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

இதில் வங்கிக் கடன் எவ்வளவு வரும்? 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டின் மதிப்பில் 80% வரைதான் ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. இந்தக் கணக்கில் அந்த வரம்பு தொந்தரவு செய்யாது. ஆனால் பத்திரச் செலவை அந்த மதிப்பில் சேர்க்க மாட்டார்கள், 7.65 லட்சம் கைப்பணமாகத் தனியே இருக்க வேண்டும். பிடித்த 60,000 உங்கள் வரிக்கணக்கில் நிற்கும், ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம். அதேபோல நீங்களும் 85 லட்சத்துக்கு 1% பிடித்துக் கட்டியாக வேண்டும். முன்பணம் கொடுக்கும்போதே அதற்கான பங்கைப் பிடித்து, அந்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் கட்ட வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 200 ரூபாய்.

முன்பணத்தை ரொக்கமாக வாங்கும் பழக்கம் விபரீதமானது. வீடு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம்.

வங்கியில் கிடக்கும் மூலப்பத்திரம்

பழைய வீட்டில் கடன் இருந்தால், பேரம் பேசுவதற்கு முன்பே வங்கியில் இரண்டு காகிதம் கேளுங்கள்: இன்ன தேதியில் கடனை முடிக்க இவ்வளவு என்ற கணக்கு, அவர்களிடம் இருக்கும் பத்திரங்களின் பட்டியல். பத்திரங்கள் பெரும்பாலும் உங்கள் கிளையில் இருக்காது; வேறு ஊர்க் கிடங்கிலிருந்து வர வேண்டும். கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் தந்துவிட வேண்டும், தவறினால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. 2023 டிசம்பர் 1 முதல் அது நடப்பில் இருக்கிறது. இழப்பீடு கிடைக்கும், சரி. ஆனால் அந்த 30 நாள் உங்கள் கெடுவுக்குள் இருக்கிறதா? கடன் வாங்கும்போது பதிந்த எம்ஓடியையும் (மூலப்பத்திரத்தை வங்கியில் அடமானமாக ஒப்படைத்ததற்கான ஆவணம்) ரசீதுப் பத்திரம் பதிந்து நீக்க வேண்டும். வங்கி கொடுக்கும் பாக்கியில்லாச் சான்று மட்டும் வில்லங்கத்தைச் சுத்தம் செய்யாது.

இரண்டு பத்திரத்தையும் ஒரே நாளில் வைப்பது

நல்ல நாள் ஒன்றுதான், காலையில் விற்றுவிட்டு மதியம் வாங்கிவிடலாம் என்று நினைப்பார்கள். பத்திர ஆபீஸில் நடப்பதைப் பாருங்கள். டோக்கன் 10.30க்கு, சர்வர் மெதுவாகி 12.30க்கு அழைக்கிறார்கள். வாங்குகிறவரின் வங்கி அலுவலர் இரண்டு டிடியோடு வந்திருக்கிறார். ஒன்று உங்கள் பழைய கடன் கணக்குக்கு, மற்றது உங்கள் பெயருக்கு. அந்த டிடியைக் கணக்கில் போட்டு, பணம் ஏறி, அதைப் புது வீட்டுக்காரருக்கு அனுப்புவதற்குள் அவருடைய டோக்கன் நேரம் போய்விடும். பணம் வராமல் அவர் கையெழுத்துப் போட மாட்டார், போடவும் கூடாது. இரண்டு பத்திரத்துக்கும் நடுவில் குறைந்தது மூன்று வேலை நாள் விடுங்கள். பெருந்தொகையை வங்கிக் கணக்குக்கு உடனே அனுப்பும் ஆர்டிஜிஎஸ் 24 மணி நேரமும் ஓடுகிறது என்பது உண்மைதான். உங்கள் கணக்கின் தினசரி வரம்பு எவ்வளவு என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

முள்ளோடையைத் தாண்டினால் வேறு சட்டம்

விற்பது கடலூரில், வாங்குவது எல்லையான முள்ளோடைக்கு அப்பால் புதுச்சேரியின் பாகூரிலோ லாஸ்பேட்டையிலோ என்றால், அது வேறு பதிவுத்துறை, வேறு வழிகாட்டி மதிப்பு, வேறு கட்டணம். மேலே சொன்ன 9% அங்கே செல்லாது; அந்தச் சார்பதிவகத்திலேயே கேட்டுக் கணக்குப் போடுங்கள். தமிழ்நாட்டு இணையதளத்தில் தேடினால் புதுச்சேரி வில்லங்கம் வராது. விடுமுறையும் வேறு: ஆகஸ்ட் 16, நவம்பர் 1 இரண்டும் புதுச்சேரியில் அரசு விடுமுறை, கடலூரில் சாதாரண வேலை நாள்.

புதுச்சேரியில் விற்பவர் பிரான்சில் குடியிருப்பவராக இருப்பது சகஜம். அப்போது 1% பிடித்தம் பொருந்தாது, 50 லட்சம் என்ற வரம்பும் கிடையாது. வெளிநாட்டில் வசிப்பவருக்குரிய உயர்ந்த விகிதத்தில் பிடிக்க வேண்டும்; குறைத்துப் பிடிக்க அவர் வருமான வரித்துறையில் சான்று வாங்கி வர வாரக்கணக்கில் ஆகும். பிடிக்காமல் விட்டால் பொறுப்பு வாங்கியவர் தலையில். அவருக்குப் பதில் இங்கே ஒருவர் கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பவர் பத்திரம் அங்கிருந்து வருகிறதென்றால், இந்தியா வந்த 3 மாதத்துக்குள் அதற்கு முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். இந்த இரண்டு காகிதமும் கைக்கு வந்த பிறகு கெடுவைப் பேசுங்கள்.

போகியக்காரர்

வாங்கும் வீட்டின் மாடியில் குடியிருப்பவர் வாடகையா, போகியமா (மாத வாடகைக்குப் பதில் மொத்தத் தொகை கொடுத்துக் குடியிருப்பது) என்று அவரிடமே நேரில் கேளுங்கள். போகியம் என்றால் வீட்டுக்காரர் அவருக்கு 6 லட்சமோ 8 லட்சமோ திருப்பித் தர வேண்டும். அந்தப் பணம் நீங்கள் தரப்போகும் பணம்தான். பதிவு செய்யாத போகியம் வில்லங்கத்தில் தெரியாது. அவர் காலி செய்து சாவி தந்த பிறகே பத்திரம். இல்லையேல் போகியத் தொகையை விலையில் நிறுத்திவைத்து, சாவி வாங்கும்போது போகியக்காரர் கணக்குக்கே அனுப்புவதாக எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்களும் விற்ற வீட்டைக் காலி செய்ய 30 நாள் வேண்டுமென்றால் அதை அக்ரிமெண்டில் எழுதுங்கள். வாங்கியவர் ஒரு லட்சம் பிடித்து வைத்துக்கொள்ளட்டும், பரவாயில்லை. வாய்ப்பேச்சு மட்டும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் ஒப்பந்தம் நடப்பில் இருந்தால் இன்னொன்று: பத்திரம் பதிகிற வரை புயலில் ஓடு பறந்தாலும் சுவர் இடிந்தாலும் பொதுவாக நட்டம் விற்பவருடையது. 2011 தானே புயலைப் பார்த்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வீட்டுக் காப்பீட்டைப் பத்திரத்துக்கு முன்பே நிறுத்திவிடாதீர்கள்.

லாபத்துக்கு வரி

இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்ற லாபத்துக்கு 12.5% வரி. 2024 ஜூலை 23க்கு முன் வாங்கியதென்றால், விலைவாசி ஏற்றத்தைக் கழித்து 20% என்று கணக்கிட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம். ஆடிட்டர்கள் 54ஆம் பிரிவு என்று சொல்லும் விலக்குப்படி, விற்பதற்கு ஒரு வருடம் முன்போ விற்ற இரண்டு வருடத்துக்குள்ளோ வேறு வீடு வாங்கினால், அல்லது மூன்று வருடத்துக்குள் கட்டினால், லாபத்தில் வீட்டில் போட்ட அளவுக்கு வரி இல்லை. வாங்குவது தள்ளிப்போனால் பணத்தைச் சேமிப்புக் கணக்கில் விட்டுவைப்பதுதான் தவறு. ரிட்டர்ன் போடும் கடைசித் தேதிக்குள் வங்கியில் அதற்கென்று உள்ள மூலதன ஆதாயக் கணக்கில் போட்டாக வேண்டும். அப்பா பெயரில் இருந்ததை விற்று, 'எப்படியும் அவனுக்குத்தானே' என்று புது வீட்டை மகன் பெயரில் பதிந்தால் விலக்கு கைநழுவலாம். பத்திரம் எழுதுகிறவரிடம் பெயர் சொல்லும் முன் ஆடிட்டரிடம் கேளுங்கள். பதிந்த பிறகு மாற்ற இன்னொரு பத்திரச் செலவு.