பினாயில் வாசனை வந்தால் வீடு சுத்தமா?

கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் பினாயில், ஆசிட், ப்ளீச்சிங் பவுடர் மூன்றும் ஒரே தள்ளுவண்டியில் வரும். சேர்த்து வாங்குவதில் தப்பில்லை, சேர்த்து ஊற்றுவதுதான் வினை. பாத்ரூம் கறை போகவில்லையே என்று ப்ளீச்சிங் பவுடரைத் தூவி, அதன் மேலேயே ஆசிட்டை ஊற்றுகிறார்கள். சுர்ரென்று பொங்கும். நன்றாக வேலை செய்கிறது என்று தோன்றும். கிளம்புவதோ குளோரின் வாயு. 1915-இல் போர்க்களத்தில் ஆட்களைக் கொல்ல ஏவினார்களே, அதே வாயு. காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தங்கும்; நாம் குந்தித் தேய்க்கும் உயரத்தில்தான் நம் மூக்கும் இருக்கிறது. சின்ன ஜன்னல்கூட இல்லாத ஹவுசிங் போர்டு பாத்ரூமில் கேட்கவே வேண்டாம். தொண்டை கமறினால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள். மூச்சு வாங்கினால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அந்த ஆசிட் பெரும்பாலும் பழைய கூல்டிரிங்க் பாட்டிலில்தான் வரும். குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, போன வழியையே அது மறுபடி வேக வைக்கும். நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

அடுத்தது, அழுக்கின் மேலேயே மருந்து தெளிப்பது. ப்ளீச்சிங் பவுடரில் இருக்கிற குளோரினின் பலமெல்லாம் அழுக்கோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும், கிருமி அப்படியே இருக்கும். முதலில் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். அப்புறம் லிட்டருக்கு 3 கிராம் ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரை ஊற்றி, 10 நிமிடம் விட்டு அலசுங்கள். ஊற்றின கையோடு துடைத்தால் பவுடர்தான் வீண். சுடுதண்ணீரிலும் கரைக்க வேண்டாம். பிரித்த பாக்கெட்டை மாதக்கணக்கில் வைத்திருந்தால் வாசனை இருக்கும், வீரியம் இருக்காது.

இனி ஞாயிற்றுக்கிழமை சமையலறை. காசிமேட்டிலிருந்து மீன் வந்ததும் அரிவாள்மனையைப் பளிச்சென்று கழுவிவிடுவார்கள். மேடையைத் துடைத்த கரித்துணியை யாரும் கண்டுகொள்வதில்லை. மீன் தண்ணீரைத் துடைத்த அதே ஈரத்துணிதான் அடுத்து சாப்பாட்டுத் தட்டையும் துடைக்கிறது. ராத்திரி முழுக்க ஈரமாகவே கிடக்கிற துணியில் கிருமி பெருகத்தான் செய்யும். மீன், கறிக்கென்று தனித்துணி வையுங்கள். வேலை முடிந்ததும் கொதிநீரில் போட்டெடுத்து வெயிலில் காயப்போடுங்கள்.

கோழிக்கறியைக் குழாயடியில் வேகமாகக் கழுவினால், தெறிக்கிற தண்ணீர் பக்கத்தில் கவிழ்த்து வைத்த இட்லித் தட்டுவரை போகும். கறியில் உள்ள கிருமியை அடுப்பே பார்த்துக்கொள்ளும், தெறித்ததை யார் பார்ப்பது? கழுவாமல் சமைக்க மனசு வராது என்றால், சரி, குண்டானில் தண்ணீர் வைத்து மெல்ல அலசுங்கள். பிறகு தொட்டியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

கடைசியாக, லாரித் தண்ணீர் பிடித்து வைக்கிற டிரம். புழு தெரிந்தால் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்புவது வழக்கம். டெங்கு கொசு முட்டையிடுவதோ டிரம்மின் உள்சுவரில், தண்ணீர் விளிம்பை ஒட்டி. காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் சாகாது. மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். வாரம் ஒருமுறை தேங்காய் நாரால் உள்சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். மூடி சரியாக உட்காராவிட்டால் பழைய வேட்டியை இரண்டாக மடித்து, இடைவெளி இல்லாமல் வாயை இறுக்கிக் கட்டிவிடுங்கள்.